இலைச் சத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

வன்னி ஆஸ்பத்திரிகளில் போசாக்கு ஆலோசகர்: இதுவும் தொழிற்சங்கக் கோரிக்கைதான்



சம்பளம், வீடு, காணி என்ற மூன்று சொல்லும் இல்லாமல் நமது செய்தி இதழ் ஒருநாளும் வெளிவந்ததில்லை. அந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கூலித் தொழிலாளி நடந்துபோய்ச் சேரக்கூடிய இடத்தில் தமிழில் பேசும் ஒரு போசாக்கு ஆலோசகர் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் டயட்டீஷியன் என்று சொல்வார்கள். நோயாளி என்ன தின்கிறார், எப்படிச் சமைக்கிறார், என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டு, அவருடைய வருமானத்துக்குள் அடங்கும் உணவை எழுதிக் கொடுப்பவர் இவர்.

“இருக்கிற பிரச்சினைக்குள் இது என்ன புதுக் கோரிக்கை?” என்று சிலர் கேட்பீர்கள். ஒரேயொரு சத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்கிறேன். அந்தச் சத்தின் பெயர் போலேற். விற்றமின் பி9 என்றும் சொல்வார்கள். மாத்திரையாக வரும்போது அதற்குப் பெயர் போலிக் அமிலம். லத்தீன் மொழியில் ‘போலியம்’ என்றால் இலை. 1941 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு தொன் பசளிக் கீரையிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. பரம்பரை பரம்பரையாக இலை பறித்து உலகத்துக்கே தேநீர் கொடுத்த சனம் நாம். நமது வீடுகளிலேயே இலைச் சத்து குறைந்துபோவதைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

இந்தச் சத்தின் கதையே தொழிலாளப் பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் 1928 இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான இரத்தச் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சத்து கொடுத்தும் பலனில்லை. அவர் அவர்களுடைய வீட்டுச் சமையலை ஆராய்ந்தார். 1929 இல் நீலகிரியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். 1931 இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வைத் தொடர்ந்தார். கடைசியில் மலிவான ஒரு பொருள் அந்தப் பெண்களைக் குணமாக்கியது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மார்மைற்தான் அது. அதற்குள் இருந்த பெயர் தெரியாத சத்தைப் பல ஆண்டுகளாக ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள். பிறகுதான் அது போலேற் என்று தெரியவந்தது.

அடுத்த பக்கம் நமது நாட்டிலேயே எழுதப்பட்டது. 1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மலேரியா இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடைந்ததை மறுபடி உண்டாக்க உடம்புக்குப் போலேற் நிறைய வேண்டும். பசியில் கிடந்த சனத்திடம் அது இல்லை. அப்போது கிராமங்களுக்குள் இறங்கியவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். மருந்தோடு சாப்பாடும் கொண்டுபோனார்கள். மார்மைற்றை நாட்டு வைத்தியரின் குளிசை மாதிரி உருட்டிக் கொடுத்தார்கள். பருப்பு பங்கிட்ட என். எம். பெரேராவுக்குச் சனங்கள் வைத்த பெயர் ‘பருப்பு மாத்தையா’. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். ஆகவே சாப்பாட்டில் உள்ள சத்தைப் பற்றிப் பேசுவது தொழிற்சங்கத்துக்குப் புதிய வேலையல்ல. இந்த நாட்டின் தொழிலாளர் இயக்கம் அந்த வேலையில்தான் நடை பழகியது.

இனி வன்னிக்கு வருவோம். 1958 இலும் 1977 இலும் அடித்து விரட்டப்பட்டும், எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி கிடந்தும் மலையகத்துச் சனம் வன்னிக்கு இறங்கியது. காந்தீயம் அமைப்பின் டேவிட் ஐயாவும் வவுனியா வைத்தியர் ராஜசுந்தரமும் அவர்களைக் காடு வெட்டிக் குடியேற்றி முன்பள்ளிகள் நடத்தினார்கள். ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நமது உறவுகள் இருக்கிறார்கள். நெல் வெட்டு, கச்சான் பிடுங்கல், கட்டட வேலை, ஆடைத் தொழிற்சாலை என்று கிடைக்கிற வேலையைச் செய்கிறார்கள். வேலையில்லாத நாளில் சம்பளமில்லை. சம்பளமில்லாத நாளில் சோறும் சம்பலும், அல்லது ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும். தீட்டிய வெள்ளை அரிசியிலும் தேத்தண்ணியிலும் போலேற் பேருக்குத்தான் இருக்கும்.

போலேற் குறைந்தால் இரத்தச் சோகை வரும் என்பது பலருக்குத் தெரியும். அது மூளையையும் தாக்கும் என்பதுதான் அவ்வளவாகத் தெரியாத விஷயம். மூன்று வழிகளில் தாக்கும். மூன்றையும் தனித்தனியே விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கருவிலே. கரு உருவாகி 28 நாட்களுக்குள் பிள்ளையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் ஆதாரமான நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். மேலே மூடாவிட்டால் மண்டை ஓடும் மூளையும் வளராது. அந்தப் பிள்ளை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முள்ளந்தண்டு திறந்தபடி பிறக்கும். கால் வழங்காமல் போகலாம், தலையில் நீர் கட்டலாம். இதற்கு எல்லா நேரமும் போலேற் குறைவுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும் பங்கைத் தடுக்கலாம் என்பது 1991 இலேயே நிரூபணமானது. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மாரை வைத்து 7 நாடுகளில் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை நடத்திய ஆய்வு அது. கருத்தரிக்கும் முன்பிருந்தே போலிக் அமிலம் குடித்தவர்களிடம் இந்தக் குறைபாடு 72 வீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

28 நாட்கள் என்பதைக் கவனியுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, கிளினிக்கில் பதிந்து, குடும்பநல உத்தியோகத்தர் கையில் மாத்திரை வாங்கும்போது அந்த நாட்கள் கடந்துபோயிருக்கும். ஆகவே மாத்திரை கல்யாணப் பேச்சு நடக்கும்போதே தொடங்க வேண்டும். கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம். முன்பு இப்படி ஒரு பிள்ளை பிறந்த தாய்க்கு அதைவிடப் பல மடங்கு கூடிய அளவு தேவை. அதை வைத்தியர்தான் எழுத வேண்டும். இது தெரியாத ஊரில் என்ன நடக்கிறது? “கிரகணத்தன்று வெளியே வந்தாள்”, “அவளுடைய ராசி அப்படி” என்று பெற்றவளின் தலையில் பழியைப் போடுகிறோம். குறைந்தது சாப்பாட்டுச் சத்து. தண்டனை அனுபவிப்பது தாய்.

இரண்டாவது, வளர்ந்தவர்களின் மூளை. 1962 இல் விக்டர் ஹேபர்ட் என்ற அமெரிக்க வைத்தியர் தன்னுடைய உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார். சாப்பாட்டை மூன்று தரம் அவித்து, ஒவ்வொரு தரமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, போலேற் இல்லாத சக்கையை மாதக்கணக்கில் சாப்பிட்டார். நான்காம் மாதம் அவருக்கு நித்திரை வரவில்லை. மறதி வந்தது. ஐந்தாம் மாதம் எதற்கெடுத்தாலும் எரிச்சல். இரத்தச் சோகையும் வந்தது. போலேற் குடிக்கத் தொடங்கி இரண்டு நாட்களில் மறதியும் எரிச்சலும் விலகின. நித்திரையில்லை, மறதி, எரிச்சல், மனச்சோர்வு என்பவற்றை வன்னியில் நாம் “யுத்தம் தந்தது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். யுத்தம் தந்தது ஏராளம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே குறிகளுக்குள் ஒரு சத்துக் குறைவும் ஒளிந்திருக்கக்கூடும். இரத்தத்தைச் சோதித்து, சாப்பாட்டை விசாரித்தால்தான் அது வெளியே வரும்.

நமது சமையலையும் ஹேபர்ட்டின் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீரையை அரிந்த பிறகு கழுவுகிறோம். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். விடிய நான்கு மணிக்குச் சமைத்த கறியை மத்தியானமும் இரவும் மறுபடி சூடாக்குகிறோம். போலேற் தண்ணீரில் கரையும், நீண்ட சூட்டில் அழியும். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மூன்று வேளையும் புதிதாய்ச் சமைக்க நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஆலோசனை சொல்ல வருகிறவர் அவளுடைய நாளின் மணிக்கணக்கை முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

மருந்தும் போலேற்றைக் குறைக்கும். தலையில் செல் துண்டு பட்டு, அதற்குப் பிறகு வலிப்புக்கு மருந்து குடிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெனிற்றோயின், பீனோபாபிற்றல் போன்ற வலிப்பு மருந்துகள் உடம்பின் போலேற்றைக் குறைக்கக்கூடியவை. சரி, கடையில் போலிக் அமிலம் வாங்கிக் குடித்துவிடலாமா என்றால் அதிலும் ஆபத்து உண்டு. கூடிய அளவு போலிக் அமிலம் பெனிற்றோயின் இரத்தத்தில் இருக்கும் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். கசிப்பு இன்னொரு பக்கத்தால் போலேற்றைத் தின்கிறது. குடிக்கிறவரின் குடலால் அந்தச் சத்தை ஒழுங்காக உறிஞ்ச முடியாது. அவர் சாப்பிடுவதும் குறைவு.

வயதானவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பி12 என்ற விற்றமின் குறைந்தாலும் போலேற் குறைந்ததைப் போன்ற அதே இரத்தச் சோகைதான் வரும். பி12 குறைந்த ஒருவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் சரியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே நரம்பு பழுதாகிக்கொண்டே போகும். மீன், முட்டை, இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும், நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் குடிக்கிறவர்களுக்கும் பி12 குறையலாம். ஆகவே எது குறைந்தது என்று பார்த்த பிறகே மாத்திரை.

மூன்றாவது, அபூர்வமானது, ஆனால் அந்த வீட்டுக்கு மிகப் பெரியது. சில பிள்ளைகளுக்கு இரத்தத்தில் போலேற் சரியாக இருக்கும். மூளைக்குள் மட்டும் போகாது. இரத்தத்திலிருந்து மூளைக்குப் போலேற்றைக் கடத்துவதற்கு உடம்பில் ஒரு வாசல் இருக்கிறது. பரம்பரைக் குறையால் அந்த வாசல் பழுதாகலாம். அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அந்த வாசலை அடைத்துவிடலாம். இந்த இரண்டாவது வகையை ரமேக்கர்ஸ் முதலான வைத்தியர்கள் 2005 இல் எழுதினார்கள். பிள்ளை முதலில் நன்றாக இருக்கும். பல மாதங்கள் கழித்து, சிலருக்கு இரண்டு வயதுக்குப் பிறகு, எரிச்சல், நித்திரையின்மை, தள்ளாட்டம், வலிப்பு, கற்றதை மறத்தல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். இதற்குச் சாதாரண போலிக் அமிலம் சரிவராது. அது அதே வாசலில் போட்டி போடக்கூடும். பொலினிக் அமிலம் என்ற வேறு மருந்தை நரம்பு வைத்தியர் எழுதுவார். ஒலிக்கும்போது இரண்டு பெயரும் ஒன்று போலத்தான் இருக்கும். கடையில் மாற்றி வாங்காமல் சீட்டைக் காட்டி வாங்க வேண்டும்.

போசாக்கு ஆலோசகர் இல்லாமல் முடியாத இடம் இதுதான். பசுப்பாலில் அந்த வாசலைப் போன்றதொரு புரதம் இருக்கிறது. பால் குடிக்கக் குடிக்க, எதிர்ப்புச் சக்தி வாசலை இன்னும் அடைக்கிறது. பாலை முற்றாக நிறுத்தினால் அந்த எதிர்ப்பு குறைகிறது என்று 2008 இல் அதே குழுவினர் எழுதினார்கள். ஆனால் “பாலை நிறுத்துங்கள்” என்று ஒரு வரியில் சொல்லித் தாயை அனுப்பிவிட முடியுமா? பால்மா, தயிர், பட்டர், பால்மா கலந்த பிஸ்கற்று, ரொபி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழக்க வேண்டும். நிறுத்திய பாலுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். முள்ளோடு நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முட்டை என்று பிள்ளையின் நிறைக்கு ஏற்ப அளவு எழுத வேண்டும். மாதா மாதம் நிறையும் உயரமும் தலைச் சுற்றளவும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளைக்கு வைத்தியம் செய்யப் போய் எலும்பைக் கெடுத்த கதையாகிவிடும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு வராத, ஓட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் என்றோ, பாலை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்றோ யாராவது தொலைபேசியில் செய்தி அனுப்பினால் நம்ப வேண்டாம். சோதித்து உறுதிப்படுத்தாமல் ஏழைப் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பறிப்பது பெரிய பாவம். இந்த வதந்தியைத் தடுக்கவும் ஊரில் படித்த ஓர் ஆள் வேண்டும்.

இப்போது எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். “குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறாரே, மாத்திரையும் திரிபோஷாவும் கொடுக்கிறாரே?” கொடுக்கிறார், மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக வருகிற அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவருடைய வேலை தாய்க்கும் சேய்க்கும் உரியது. வலிப்புக்காரரின் மருந்தையும், ஆச்சியின் மறதியையும், பால் நிறுத்திய பிள்ளையின் சுண்ணாம்புச் சத்தையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. திரிபோஷா 1973 முதல் இந்த நாட்டில் நல்ல வேலை செய்திருக்கிறது. ஆனாலும் 2022 நெருக்கடியில் அது தடைப்பட்டபோது என்ன நடந்தது? அதற்குப் பதிலாக வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத தாய் திண்டாடினாள்.

“மாவில் கலந்துவிட்டால் போதாதா?” அமெரிக்காவில் 1998 முதல் தானிய மாவில் போலிக் அமிலம் கட்டாயமாகக் கலக்கிறார்கள், நரம்புக் குழாய்க் குறைபாடுகள் அங்கே குறைந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் மா யாரையும் கேள்வி கேட்காது. என்ன மருந்து குடிக்கிறாய், மீன் சாப்பிடுகிறாயா, உனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்க மனுசர் வேண்டும்.

கடைசிக் கேள்விதான் கனமானது. “பசித்தவனுக்கு ஆலோசனை எதற்கு? காசைக் கொடு, அவன் தானாகச் சாப்பிடுவான்.” இந்தக் கோபம் நியாயமானது. சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டு அறிவுரைக் கூட்டம் நடத்தச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். 2021 இல் 1,000 ரூபாவுக்கும், 2024 இல் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கும் தோட்டத் தொழிலாளி எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வன்னியில் நாட்கூலிக்குப் போகிற உறவுகளுக்கு அந்தச் சம்பளச் சபைப் பாதுகாப்பும் இல்லை. ஆனால் போசாக்கு ஆலோசகர் சம்பளத்துக்கு மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அவர் சம்பளப் போராட்டத்துக்கு ஒரு சாட்சி. அவர் எழுதும் ஒவ்வொரு தாளிலும் ஒரு குடும்பம் கிழமைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிராம் பருப்பு வாங்குகிறது என்று பதிவாகும். “இந்த நோயாளிக்குத் தேவையான உணவை இந்தக் கூலியில் வாங்க முடியாது” என்று அரசாங்கத்தின் சம்பளம் பெறும் ஓர் உத்தியோகத்தர் கையொப்பமிட்டு எழுதினால், பேச்சுவார்த்தை மேசையில் அதைவிடப் பலமான காகிதம் எது?

இருக்கிற காசுக்குள்ளும் செய்யக்கூடியவை இருக்கின்றன என்பதும் உண்மை. வன்னி மண் கௌபியும் பயறும் உளுந்தும் கச்சானும் விளையும் மண். வளர்ந்தவருக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராமும் கர்ப்பிணிக்கு 600 மைக்ரோகிராமும் போலேற் தேவை. ஒரு கோப்பை அவித்த கௌபியிலோ முழுப் பயறிலோ 300 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. நாமே கௌபி ஆய்ந்து, நாமே மூட்டை கட்டி, சந்தைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் பிஸ்கற்று வாங்குகிறோம். வேலியில் முருங்கை நிற்கிறது. வாய்க்கால் கரையில் பொன்னாங்காணியும் வல்லாரையும் நிற்கின்றன. கீரையை முதலில் கழுவி, பிறகு அரிந்து, தண்ணீர் விடாமல் தேங்காய்ப்பூவோடு வறையாக வதக்கி இறக்கினால் சத்து சட்டியிலேயே நிற்கும். பருப்பு அவித்த தண்ணீரை ஊற்றாமல் கறியிலேயே சேருங்கள். சாயத் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இரும்புச் சத்தும் வீணாகாது. இவ்வளவும் சொல்ல இந்த இதழ் போதும். ஆனால் கர்ப்பம் தரிக்க இருக்கிற பெண்ணுக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். நோய் உள்ளவருக்கு அவருடைய நோய்க்கேற்ற அளவு வேண்டும். அதை இதழ் சொல்ல முடியாது.

ஏன் இப்போது என்றால், 2009 இல் வன்னியில் பதுங்கு குழிக்குள்ளும் பிறகு மெனிக் பாமின் கூடாரங்களுக்குள்ளும் கஞ்சி குடித்து வளர்ந்த பெண் குழந்தைகள் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள். அவர்களுடைய உடம்பு சேமிப்பு எதுவும் இல்லாமல் தொடங்கிய உடம்பு. அடுத்த தலைமுறையின் மூளை அவர்களுடைய வயிற்றில்தான் உருவாகப் போகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளையின் அந்த 28 நாட்களைத் தாண்டிப் போகும்.

ஆகவே நமது சங்கம் மாகாண சுகாதார அமைச்சிடமும் மூன்று மாவட்டங்களின் சுகாதார நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை.

1. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் தமிழில் பேசும், பயிற்சி பெற்ற, நிரந்தரப் போசாக்கு ஆலோசகர் இருக்க வேண்டும்.

2. அவர் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருக்காமல், குறிப்பிட்ட நாட்களில் குடியேற்றக் கிராமங்களின் கிளினிக்குகளுக்கு வர வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறி வரச் சொல்வது வராதே என்று சொல்வதற்குச் சமம்.

3. கல்யாணப் பதிவுக்கு வரும் ஒவ்வொரு சோடிக்கும் போலிக் அமிலம் பற்றி அங்கேயே சொல்லி, மாத்திரை கிடைக்கும் இடத்தையும் காட்ட வேண்டும்.

4. வலிப்பு கிளினிக், மனநல கிளினிக், முதியோர் கிளினிக் மூன்றிலும் போலேற், பி12 இரண்டையும் பற்றி விசாரிப்பது வழக்கமாக வேண்டும்.

5. நரம்பு வைத்தியத்துக்கு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பப்படும் பிள்ளைகள் திரும்பி வந்ததும், அவர்களுடைய உணவுத் திட்டத்தைத் தொடர்ந்து கவனிக்க உள்ளூரில் பொறுப்பானவர் இருக்க வேண்டும்.

நமது பக்கத்து வேலையும் உண்டு. ஒவ்வொரு கிளையின் மகளிர் அணியும் தமது ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண்களின் வீடுகளுக்குப் போய் மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்து குடிக்கிறவர்களிடம், வைத்தியரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாயை ஊர் பழிக்கும்போது அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவளிடம், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னே வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வார்த்தையையும் அன்போடு சொல்லிவர வேண்டும்.

பம்பாய் ஆலைப் பெண்களின் சமையலை லூசி வில்ஸ் விசாரித்து நூறு வருடங்கள் ஆகப் போகின்றன. அந்தக் கேள்வி வன்னியின் கூலிக் குடும்பங்களுக்கும் வந்து சேர வேண்டும். “நீ என்ன சாப்பிட்டாய்?” என்று அரசாங்கம் தன் தொழிலாளியிடம் கேட்க ஓர் ஆளை நியமிக்கட்டும். பதிலை நாம் சொல்லுவோம்.